ஸ்கேட்போர்டு புகழை வைத்து ஓவியரானவரா எட் டெம்பிள்டன்?

ஈரோட்டு வாசகர், ஜூன் 7

எட் டெம்பிள்டன், எட் டெம்பிள்டன் என்று அந்த அமெரிக்க ஸ்கேட்போர்டுக்காரரை நீங்கள் சொல்லிச் சொல்லி அவர் வரைந்த, எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சக்கரப் பலகை மேல் ஏறிப் பேர் வாங்கினார், அந்தப் பேரை வைத்து அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டார், அவ்வளவுதானே? பேர் இல்லாத ஒருத்தர் இதே மாதிரி கோணல்மாணலாக வரைந்து எடுத்துக்கொண்டு போனால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். இன்னொன்று, பலகையில் சறுக்குவதைப் போய்த் தொழில் என்கிறீர்களே, சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் நடத்துகிற உங்களுக்கு இதில் என்ன அக்கறை என்றும் சொன்னால் தேவலை.

ஜூன் 7, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அக்கறை முழுக்கத் தொழில் அக்கறைதான். நான் பனியன் துணியில் படம் அடிக்கிறவன். அவர் பலகையில் படம் போட்டு விற்றவர். அந்தப் பக்கத்திலிருந்துதான் எனக்கு அவரைத் தெரியும். ஸ்கேட்போர்டில் நான் ஏறினால் ஆஸ்பத்திரிதான்.

இனி அந்தச் சம்பளம். கிரிக்கெட் வாரியம் மாதிரி ஒன்று அங்கே காசு கொடுப்பதில்லை. 'புரோ' ஆவது என்றால் ஒரு கம்பெனி உங்கள் பெயரைப் போட்டு ஒரு பலகை வெளியிடுகிறது. அது விற்க விற்க, பலகைக்கு ஓரிரு டாலர் உங்களுக்கு ராயல்டி. கொஞ்சம் பேர் வந்தால் ஷூ கம்பெனி உங்கள் பெயரில் ஷூ போடும். டெம்பிள்டனுக்கு எமெரிக்கா கம்பெனி அப்படிப் போட்டது. ஒரு போட்டியில் ஜெயித்துக் கிடைக்கிற பரிசுத்தொகை பெரும்பாலானவர்களுக்கு வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது. பலகை விற்றால்தான் சோறு.

பலகை ஏன் விற்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. மரம் எல்லாருடையதும் ஒன்றுதான். கனடா மேப்பிள் மரத்தை மெல்லிய தகடாக உரித்து, ஏழு தகடுகளைப் பசை தடவி அடுக்கி, அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிற்கூடங்களே பல பிராண்டுகளுக்கும் செய்து கொடுக்கின்றன. நம் ஊரில் ஒரே நிட்டிங்கில் ஓடிய துணி நாலு லேபிளில் போகிற கதைதான். அப்படியிருக்கும்போது கடைக்குள் வருகிற பதினாலு வயதுப் பையன் எதைப் பார்த்துக் கை வைப்பான்? அடியில் இருக்கிற படத்தையும் பெயரையும்தான். அதனால் ஓட்டுகிறவர் வேறு, வரைகிறவர் வேறு என்று நீங்கள் பிரிக்கிற இடம் அந்தத் தொழிலில் முதலிலிருந்தே அவ்வளவு தெளிவாக இல்லை.

ஜூன் 8

வரிசையையும் பார்த்துவிடுவோம். டெம்பிள்டன் பிறந்தது 1972, கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில். ஹண்டிங்டன் பீச் என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தார், இன்றும் அங்கேதான் இருக்கிறார். 1990இல் நியூ டீல் என்ற கம்பெனியில் புரோ ஆனார். அந்த வயதிலேயே தூரிகையும் எடுத்தாயிற்று. 1993இல் டாய் மெஷின் என்ற சொந்தக் கம்பெனி. 1994 வாக்கில் கேமரா. எல்லாம் இருபத்திரண்டு வயதுக்குள். பேர் வாங்கி முடித்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு கேன்வாஸ் பக்கம் வந்த ஆள் இல்லை.

அந்தப் 'பேர்' என்பதன் மதிப்பையும் பாருங்கள். எண்பதுகளில் கொடிகட்டிப் பறந்த ஸ்கேட்போர்டு வியாபாரம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படுத்துவிட்டது. பெரிய வளைவுத் தொட்டிகளில் பறந்தவர்களுக்கே வேலை இல்லாத காலம். அப்போது புரோ ஆனவர் இவர். அந்தப் பெயரை அருங்காட்சியக வாசலில் போய்ச் சொன்னால் காவலாளிக்குக்கூடத் தெரிந்திருக்காது.

ஜூன் 8, சாயங்காலம்

சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: எங்கள் வீட்டுக் குழந்தை ஸ்கேட்டிங் கிளாஸ் போகிறாள், அதுவும் இதுவும் ஒன்றா என்று. இல்லைங்க. அது காலில் மாட்டுகிற ரோலர் ஸ்கேட். அதற்குக் கோச் உண்டு, நேரம் உண்டு, மாவட்டப் போட்டி உண்டு, சர்ட்டிபிகேட் உண்டு. இங்கே பேசுவது நாலு சக்கரம் வைத்த தனிப்பலகை. இதில் சர்ட்டிபிகேட் என்றால் முழங்கைத் தழும்புதான்.

ஜூன் 11

டாய் மெஷின் பற்றிச் சொல்லாமல் இந்த ஆளைப் பற்றிப் பேச முடியாது.

சான் டியேகோவில் இருக்கிற டம் யெட்டோ என்ற நிறுவனம் தயாரிப்பையும் விநியோகத்தையும் பார்த்துக்கொண்டது. படம், விளம்பரம், கிண்டல், ஆட்களைச் சேர்ப்பது இதெல்லாம் டெம்பிள்டன் கையில். கொம்பு வைத்த மான்ஸ்டர் ஒன்று, 'செக்ட்' என்று ஒரு கண் சின்னம் ஒன்று. இரண்டும் முப்பது வருஷமாக டி-ஷர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பெனிக்கு அவர் வைத்துக்கொண்ட அடைமொழி 'இரத்தம் உறிஞ்சும் ஸ்கேட்போர்டு கம்பெனி'. வாங்குகிற பையன்களை 'விசுவாசமான அடியாட்களே' என்கிற தொனியில் விளித்து விளம்பரம் எழுதுவார். உன் காசைப் பிடுங்கத்தான் இதை விற்கிறேன் என்று நேராகச் சொல்லிவிட்டு விற்பது. பையன்களும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள்.

நம் ஊரில் ஒரு முதலாளி கம்பெனி போர்டில் இப்படி எழுதுவாரா? தறியிலும் கட்டிங்கிலும் நிற்கிறவர்கள் மனசுக்குள் எழுதி வைத்திருப்பார்கள், அது வேறு.

ஆட்களைச் சேர்த்த விதமும் கவனிக்க வேண்டியது. எலிசா ஸ்டீமர் என்ற பெண்ணுக்கு 1998இல் அவர் பெயரில் பலகை போட்டார்கள். தெருவில் ஓட்டும் பெண்களில் அப்படிப் பெயர் வாங்கிய முதல் சிலரில் அவர் ஒருவர். பிரையன் ஆண்டர்சன் அங்கே இருந்தபோதுதான் 1999இல் திராஷர் என்ற ஸ்கேட்போர்டு பத்திரிகையின் 'ஆண்டின் சிறந்த ஸ்கேட்டர்' ஆனார். 2016இல் தான் ஓரினச் சேர்க்கையாளர் என்று பகிரங்கமாகச் சொன்னவரும் அவரே. முரட்டு ஆம்பிளைத்தனம் பேசுகிற அந்த உலகத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஓவியரின் கண் என்று நான் மதிப்பதில் இதுவும் சேர்த்தி: யாரை வண்டியில் ஏற்றிக்கொள்வது என்கிற கண்.

ஜூன் 12

பலகையில் படம் எப்படி ஏறுகிறது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். இதைக் கேட்டால் நான் நிறுத்த மாட்டேன், பிறகு குறை சொல்லக் கூடாது.

பழைய முறை நேரடி ஸ்கிரீன் பிரிண்டிங். நாம் செய்வதேதான். ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஃபிலிம், ஒரு ஸ்கிரீன். ஸ்கிரீனின் வலைத்துணியான மெஷ்ஷில் எமல்ஷன் என்ற பூச்சு தடவி, வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் செய்து, கழுவி எடுத்து, மை ஊற்றி ஸ்குயீஜி என்ற ரப்பர் பட்டையால் இழுப்பது. ஆனால் நமக்குத் துணி மேஜையில் படுத்துக் கிடக்கும். பலகை அப்படிக் கிடக்காது. நடுவில் குழி, இரண்டு முனையும் மேலே தூக்கி நிற்கும். படம் போடுகிற அடிப்பக்கம் முதுகு வளைந்த மாதிரி இருக்கும். அந்த வளைவைத் தொடர்ந்து ஸ்கிரீனும் கையும் போக வேண்டும். அழுத்தம் கொஞ்சம் மாறினால் ஓரத்தில் மை கசியும். நாலு கலர், அஞ்சு கலர் படத்தில் ஒரு கலர் மேல் இன்னொன்று பிசகாமல் ரிஜிஸ்ட்ரேஷன் உட்கார வைப்பது என்றால் கை பழகிய ஆள்தான் வேண்டும். பழைய பலகைகளில் கோட்டுக்கும் கலருக்கும் நடுவே முடி அளவு மரம் தெரியும். அதைப் பார்த்தால் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று இழுத்த ஆளின் தோள் தெரிகிற மாதிரி இருக்கும்.

2000ஐ ஒட்டி ஹீட் டிரான்ஸ்ஃபர் வந்து இதைத் தள்ளிவிட்டது. படத்தைத் தட்டையான பிளாஸ்டிக் ஃபிலிமில் தலைகீழாக அடித்து வைத்துக்கொள்வார்கள். சூடான ரோலருக்குக் கீழே பலகையைப் பிடித்தால் படம் ஒரே இழுப்பில் மாறிவிடும். இங்கே ஒரு வேடிக்கை. கறுப்புத் துணியில் அடிக்கும்போது நாம் முதலில் அண்டர்பேஸ் என்கிற வெள்ளை அடிப்பூச்சு போட்டுத்தான் மேலே கலர் வைப்போம், கறுப்புக்கோடு கடைசி. டிரான்ஸ்ஃபரில் எல்லாம் எதிர். மேலே தெரிய வேண்டிய கோட்டை முதலில் அடித்து, வெள்ளையைக் கடைசியில் போட வேண்டும். மை கலக்குகிற எங்கள் கலர் கிச்சனில் இருக்கிற பெரியவருக்கு இதைச் சொன்னபோது, "அப்ப மொகத்த வரைஞ்சுட்டு அப்புறமா தோல் போடறதுங்களா?" என்றார்.

டிரான்ஸ்ஃபர் வந்ததும் கை பழகிய ஆள் தேவையில்லை என்றாகிவிட்டது. தயாரிப்பு பெருமளவுக்குச் சீனாவுக்கும் மெக்சிகோவுக்கும் போக இதுவும் வழிவிட்டது. ஆனால் வரைகிறவருக்கு ஒரு லாபம்: எத்தனை கலர் என்ற கணக்கு தளர்ந்தது, போட்டோவைக்கூடப் பலகையில் ஏற்றலாம். டெம்பிள்டன் மாதிரி கோட்டையும் போட்டோவையும் கலக்கிற ஆளுக்கு அது வசதி. என்னைக் கேட்டால், அவருடைய தடித்த கோடும் தட்டைக் கலரும் ஸ்கிரீனுக்கென்றே பிறந்தவை. படத்தைக் கலர் கலராகப் பிரித்து செபரேஷன் போடுகிறவன் கும்பிடுகிற மாதிரியான வரைதல். எங்கே ஒரு கலர் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதில் சந்தேகமே இருக்காது.

ஜூன் 12, மறுபடியும்

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று.

அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு நாளில் எங்கள் குடோனில் பலகை ஓட்டுவான். பாலீஷ் போட்ட சிமெண்ட் தரை, துணி ரோல் எல்லாம் ஓரத்தில். அவன் புதுப் பலகை வாங்கி வந்தான், அடியில் நல்ல நீலத்தில் படம். அன்று மத்தியானமே திருப்பிப் பார்த்தால் நடுவில் குறுக்கே பட்டையாகத் தேய்ந்து மரம் வெளியே வந்துவிட்டது. இரும்புக் குழாய் மேல் பலகையைக் குறுக்காகப் போட்டுச் சறுக்கியிருக்கிறான். வால் பக்கம் தரையில் இடித்து இடித்துப் பென்சில் சீவின மாதிரி கூராகியிருந்தது. முனையில் மட்டும் நீலம் அப்படியே இருந்தது, முனையில் சறுக்குகிற வித்தை அவனுக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

எனக்கு வயிறு எரிந்தது. எத்தனை பேர் உழைப்பு! "டேய் மாப்ள, இப்படித் தேச்சு வெச்சிருக்கியே" என்றேன். "தேயறதுக்குத்தான் மாமா வாங்கறது" என்றான்.

இருந்தாலும் ஈரோட்டு அண்ணன் இதை யோசிக்க வேண்டும். முதல் நாளே சிராய்ந்து போகிற ஓவியத்தை வருஷக்கணக்கில் வரைந்து தள்ளிய கை அது. ஒரு படத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்க அதற்கு நேரமே கிடையாது. சீசன் வந்தால் புதுப் படம், டீமில் சேர்ந்த பையன்களுக்கெல்லாம் தனித்தனிப் படம், அதற்கு விளம்பரம், ஸ்டிக்கர், டி-ஷர்ட். கேலரி ஓவியர்களில் இத்தனை டெட்லைனுக்கு வரைந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஜூன் 15

"கோணல்மாணல்" என்கிற குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

அவருடைய கேன்வாஸ்களில் ஆட்கள் நீளமாக, தட்டையாக, கை கால் கொஞ்சம் தவறான இடத்தில் முளைத்த மாதிரி நிற்பார்கள். பின்னால் புறநகர் வீடு, வேலி, கார், கடற்கரை. அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு கோடுகூட முயற்சி செய்யாது. எனக்கும் எல்லாம் பிடிக்காது. சிலவற்றில் வெறும் அலுப்பு இருக்கிறது, கலிபோர்னியா வெயிலில் வெளிறிப்போன அலுப்பு.

ஆனால் போட்டோக்கள் வேறு சங்கதி. ஸ்கேட்டர்கள் ஊர் ஊராக டூர் போகிற வேனுக்குள் லைகா ஃபிலிம் கேமராவோடு இருந்தார். 1995 முதல் 2012 வரை எடுத்த அந்தப் படங்கள் 2023இல் தடித்த புத்தகமாக வந்தன. அவற்றில் வித்தை காட்டும் படங்கள் குறைவு. மோட்டல் அறையில் கிடக்கும் பையன், தோல் உரிந்த இடுப்பு, ஆட்டோகிராப் கேட்டுக் கையை நீட்டும் கூட்டம், வேனில் வாய் பிளந்து தூங்குகிறவன், சண்டை, சலிப்பு. அவர் அந்த வேனில் சக ஸ்கேட்டர், முதலாளி, மூத்தவர், கல்யாணமானவர், எல்லாம் ஒரே ஆள். வெளியிலிருந்து வந்த பத்திரிகைப் போட்டோகிராபருக்கு அந்த இடம் கிடைக்காது. கிடைத்தாலும் பல்லுத் தேய்க்கிற நேரத்தில் கேமராவைத் தூக்கினால் அடி விழும்.

பிரிண்ட் போட்ட பிறகு அதன் மேலேயே பேனாவால் எழுதுவார். யார், எந்த ஊர், என்ன நடந்தது என்று கைப்பட. சிலவற்றில் பெயிண்ட்டும் பூசுவார். கண்காட்சியில் ஒரே அளவு ஃபிரேமில் வரிசையாக மாட்டாமல், சின்னதும் பெரிதுமாகச் சுவரை நிறைத்துக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடுவார். நம் பழைய வீடுகளில் தாத்தா பாட்டி படம், கல்யாணப் படம், காலேஜ் குரூப் போட்டோ எல்லாம் ஒரே சுவரில் ஏறிக் கிடக்குமே, அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆகாது. அவர் மனைவி டியானா டெம்பிள்டனும் போட்டோகிராபர்தான், தனித்துப் பேர் வாங்கியவர். இருவரும் ஊரில் இருந்தால் ஹண்டிங்டன் பீச் கடல்பாலத்துப் பக்கம் நடந்து நடந்து படம் எடுப்பார்கள். டூர் இல்லாவிட்டால் என்ன, தெரு இருக்கிறதே.

ஜூன் 15, இரவு

யோசித்துப் பார்த்தால் ஈரோட்டு அண்ணன் சொல்வதில் பாதி நிற்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் நியூயார்க்கில் அலெஜ்ட் கேலரி என்று ஒன்று இருந்தது, ஆரன் ரோஸ் நடத்தியது. ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவர்கள், கிராஃபிட்டி போடுகிறவர்கள், பாட்டுக் கோஷ்டி வைத்திருக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் அங்கே படம் மாட்டியது. பேரி மெகீ, மார்கரெட் கில்காலன் எல்லாம் அந்த வட்டம். டெம்பிள்டனுக்கு அந்தக் கதவு ஸ்கேட்போர்டால்தான் திறந்தது. 2004இல் சின்சினாட்டியின் கன்டெம்பரரி ஆர்ட்ஸ் சென்டரில் அந்தக் கூட்டத்தின் பெரிய கண்காட்சி தொடங்கி ஊர் ஊராகப் போனது. ஆக, ஆள் தெரிந்த இடத்தில்தான் நுழைந்தார். ஆள் தெரியாமல் எந்த ஓவியர் எந்த ஊரில் நுழைந்தார் என்பது வேறு கேள்வி.

ஆனால் 2002இல் பாரிஸின் பலே டி டோக்கியோ தனிக் கண்காட்சி கொடுத்தபோதும், 2010இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து ஸ்மாக் அருங்காட்சியகம் பெரிதாக இடம் கொடுத்தபோதும் அங்கே யாரும் பலகையைச் சுழற்றுகிற கிக்ஃபிளிப் வித்தையைப் பார்த்துச் சுவரைத் தரவில்லை. முதல் கதவை நட்பு திறக்கும். இருபது வருஷம் கழித்தும் உள்ளே உட்கார வைப்பதற்கு நட்பு போதாது, அதற்குச் சரக்கு வேண்டும்.

ஜூன் 19

ஸ்கேட்டரும் ஓவியருமான மார்க் கோன்சாலஸை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கரூர்த் தம்பி சண்டைக்கு வந்திருக்கிறார். விடவில்லை, வரிசை வர வேண்டாமா?

1968இல் பிறந்தவர். 1984 நவம்பர் திராஷர் அட்டையில் வந்தபோது பதினாறு வயது. தெருவில் இருக்கிற படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, பெஞ்சு எல்லாமே ஓட்டுகிற இடம்தான் என்று காட்டியவர்களில் முன்னால் நிற்பவர். விஷன் கம்பெனியில் இருந்து வெளியேறி 1989இல் தொடங்கிய கம்பெனிக்கு 'பிளைண்ட்' என்று பேர் வைத்தார். பார்வை என்ற பழைய கம்பெனிக்குக் குருடு என்று பதில். குசும்பு நம் ஊர்க் குசும்புக்குக் குறைந்ததில்லை. 2002இல் குரூக்ட் என்ற இன்னொரு பலகைக் கம்பெனி. அதில் வருகிற நெளிநெளிக் கோட்டுப் படங்கள் அவர் கைதான்.

1998இல் ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக் அருங்காட்சியகத்தில், கத்திச் சண்டைக்காரர்கள் போடுகிற வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு, கலைப்பொருட்களுக்கு நடுவே ஸ்கேட்போர்டு ஓட்டிக் காட்டினார். அதைப் பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டும். சறுக்குவது எங்கே முடிந்து வரைவது எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாது என்று தோன்றும். டெம்பிள்டன் அப்படி இல்லை. அவர் கணக்கு எழுதுகிற ஆள், ஃபிலிமை வரிசைப்படுத்திப் பெட்டியில் வைக்கிற ஆள். என் தனிப்பட்ட தீர்ப்பு: பலகைக்குக் கோன்சாலஸ், சுவருக்கு டெம்பிள்டன். கரூர்த் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

ஜூன் 22

கோயமுத்தூரில் ஓட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டவருக்கு. எனக்குத் தெரிந்து பையன்கள் தேடுவது வழவழப்பான தரை. நம் ரோட்டு ஜல்லி அந்தச் சின்னச் சக்கரத்துக்கு எமன். ஒரு பொடிக்கல் போதும், பலகை நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டான். அதனால்தான் குளக்கரை நடைபாதைகள் வந்ததும் இவர்கள் கண் அங்கே போனது. உக்கடம் பெரியகுளத்துக் கரையில் அக்கா பையனோடு நின்றிருக்கிறேன். அவன் பலகையைக் கீழே வைத்த உடனே விசில். செக்யூரிட்டி பெரியவர் வந்து, "கண்ணு, இங்க ஓட்டக் கூடாதுங்க, வாக்கிங் வர்றவங்க மேல ஏத்திப் போடுவீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பையன் பலகையைத் திருப்பிக் கையில் எடுத்ததும் அடியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க சாமி, பூச்சாண்டியாட்டம்" என்று ரொம்ப நேரம் ரசித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி உக்கடம் குடியிருப்புச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியம் வரைந்திருக்கிறார்கள். படத்துக்கு அனுமதி உண்டு, பலகைக்கு இல்லை.

முறையாக ஓட்டக் கற்க வேண்டும் என்றால் பெங்களூரு, இல்லாவிட்டால் சென்னைக்குத் தெற்கே கோவளம். ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் வந்ததே டோக்கியோவில்தான், 2021இல். பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது பதிமூன்று. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான் என் அக்கா தன் பையனைத் திட்டுவதை நிறுத்தினாள். இப்போது மறுபடி தொடங்கிவிட்டாள், பத்தாவது வந்துவிட்டது.

ஜூலை 3

நடுவில் ஏற்றுமதி நெருக்கடி, எழுத முடியவில்லை. அதற்குள் இங்கே அடுத்தவர் டிசைனைக் காப்பியடிப்பது பற்றிச் சண்டை ஓடியிருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உள்ளூர் பிராண்ட் ஒன்றின் ஆள் வந்தார், பேர் வேண்டாம். போனில் ஒரு படத்தைக் காட்டி, "இத செஸ்ட் பிரிண்ட்டா அடிச்சுக் கொடுங்கண்ணா, நாலு கலர்" என்றார். டாய் மெஷின் மான்ஸ்டர். இது ஒருத்தருடைய சின்னம் என்று சொன்னேன். "கலிபோர்னியாக்காரன் காங்கேயத்துக்கு வந்து பாக்கவா போறான்?" என்றார். நான் எடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் அதே டி-ஷர்ட்டைப் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் போட்டிருந்தான். அடித்தவன் வெள்ளை அண்டர்பேஸ் சரியாகப் போடாமல் சிவப்பு செத்துப் போயிருந்தது. எனக்கு இரட்டை எரிச்சல்.

எங்களுக்குக் கூலி கலர் கணக்கு, பீஸ் கணக்கு. பத்தாயிரம் பீஸ் அடித்தாலும் டிசைன் யாருடையது என்ற கேள்வி எங்கள் மேஜைக்கு வராது. பையர் ஃபைல் அனுப்புவார், நாங்கள் ஃபிலிம் போடுவோம். உள்ளூரில் டிசைன் வரைகிற பிள்ளைகளுக்கு ஒரு படத்துக்கு ஒரு தொகை, அதோடு சரி. அந்தப் படம் ஒரு லட்சம் பனியனில் ஓடினாலும் அவர்கள் பேர் எங்கும் இருக்காது. அங்கே பெயரோடு சேர்ந்து படம் விற்றது, விற்ற ஒவ்வொன்றிலும் துளி பங்கு வந்தது. பங்கு பெரிதில்லை, ஓரிரு டாலர்தான். ஆனால் படத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. டெம்பிள்டன் ஓவியரானதற்கு நான் சொல்கிற காரணம் இதுதான்: தன் படத்தைத் தன் கம்பெனிக்கு வரைந்தார். ஊழியராக வரைந்திருந்தால் நல்ல டிசைனர் என்று பேர் வாங்கி, நாற்பது வயதில் வேலை தேடியிருப்பார்.

நாற்பது என்று சும்மா சொல்லவில்லை. 2012இல் அவருக்குக் கால் உடைந்தது. தெருவில் கான்கிரீட்டில் விழுந்து எழுந்த உடம்புக்கு நாற்பது வயது என்பது நமக்கு அறுபது. ஆனால் கால் உடைந்த அந்த வருஷம் கை சும்மா இருக்கவில்லை, கம்பெனியும் ஓடியது. எத்தனையோ பேர் அந்த இடத்தில் காணாமல் போயிருக்கிறார்கள். ஓய்வூதியம் இல்லை, தொழிற்சங்கம் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி வாசலில் சேர்க்க மாட்டான்.

ஜூலை 4

"அப்ப திருப்பூர் டிசைனர்களும் தனிக் கம்பெனி தொடங்கட்டும்" என்று ஒருவர். சொல்வது சுலபம். துணிக்கு அட்வான்ஸ், டையிங் பில், பேங்க் வட்டி எல்லாம் யார் கட்டுவது? டெம்பிள்டனுக்கு அந்தச் சுமையை டம் யெட்டோ எடுத்துக்கொண்டது. அப்படி முதலைப் போட்டுவிட்டுப் படத்தில் தலையிடாத ஒரு பார்ட்னர் நம் ஊரில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் வரைவேன்.

ஜூலை 20

ஈரோட்டு அண்ணன் தனியாக எழுதியிருந்தார். டெம்பிள்டன் இன்னும் பிடிக்கவில்லையாம், போட்டோ மட்டும் பரவாயில்லையாம். சரி. உண்மையான கேள்வி பிறகுதான் வந்தது. அவர் தங்கை மகள் டெக்ஸ்டைல் டிசைன் படிக்கிறாள். பலகையும் ஓட்டுகிறாள், நோட்டு நோட்டாக வரைகிறாள். படிப்பை விட்டுவிட்டுப் பெங்களூரு போகிறேன் என்கிறாளாம், என்ன சொல்வது என்று கேட்டார். இங்கேயே பதில் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

படிப்பை விட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் இங்கே பலகை விற்று ராயல்டி வாங்கிப் பிழைக்கிற சந்தை இன்னும் இல்லை, அதை அவளுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். பலகை இறக்குமதி விலையில் ஒரு பையனின் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். டி-ஷர்ட் அப்படி இல்லை. அவள் வரைந்ததை அவளே இருபது முப்பது பீஸ் அடித்து, தன் பேரில் விற்றுப் பார்க்கட்டும். தேவையான எல்லாம் நம் ஊரில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கலரை மூன்றுக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். கோட்டைத் தடிமனாகப் போடச் சொல்லுங்கள், மெல்லிய கோடு மெஷ்ஷில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு டிசைனிலும் ஓரத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள், கேட்கிறவன் எடுக்கச் சொன்னாலும் எடுக்க வேண்டாம்.

அம்மணி நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாள் யூனிட்டுக்கு வரட்டும். செபரேஷன் போட நான் சொல்லித் தருகிறேன். முதல் ஸ்கிரீனுக்குக் காசு வேண்டாம், இரண்டாவதிலிருந்து வாங்கிக்கொள்வேன். வருவது செவ்வாய் புதனாக இருக்கட்டும், வெள்ளி சனியில் டெலிவரி அவசரம், யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டோம்.